குற்றம் சாட்டியவனே நீதிபதி

எண்பதுகளில் சுவிஸின் துன் நகரத்து அகதி விடுதியில், ஆதாரமே இல்லாமல் ஒரு மனிதரைப் பொதுச் சமையலறையிலிருந்து தள்ளிவைத்தேன். அது அநியாயம். ஓர் உணவகத்தில் அனுமதியில்லாமல் வேலை செய்த எங்களில் இருவரைப் பொலிஸ் பிடித்திருந்தது. காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று சொன்னவனும் நான். விடுதித் தலைவனாக இருந்து தீர்ப்புச் சொன்னவனும் நான்.

ஒல்லியான ஆள். உப்புக் கேட்பதற்கும் கையை உயர்த்திவிட்டுத்தான் கேட்பார். அன்றும் உயர்த்தினார்.

"அண்ணை, அமெரிக்காவில சனாதிபதியிலை ஒரு சபை குற்றம் சாட்டும், மற்றச் சபைதான் விசாரிக்கும். இஞ்ச ரெண்டும் நீங்களோ?"

"அப்ப வாஷிங்டனுக்குப் போய்ச் சோறு கேளும்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குளிர்காலம் முழுவதும் அவர் தன் கட்டிலில் இருந்தபடி தனியே வெறும் பாண்ரொட்டி சாப்பிட்டார்.

பனி கரைந்தபோது உண்மை தெரியவந்தது. பொலிஸுக்குச் சொன்னவர் அந்த உணவகத்தின் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோர் முன்னிலையிலும் அந்த ஒல்லி மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன தண்டனை எண்டாலும் நீரே சொல்லும்."

"இப்ப உங்களிலை குற்றம் சாட்டுற ஆள் நான். நானே எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது?"

மறுநாள் சமையலறைக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தே சாப்பிட்டார். ஆனால் விடுதியை விட்டுப் போகும்வரை என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் தீர்ப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.