சாம்பல் சட்டையும் அத்தானின் சந்தேகமும்

சட்டையில் பெயர் அடிப்பவனை ஒருத்தரும் நம்புவதில்லை. விளையாட்டுக் கழகச் சட்டை அடித்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் கடை சுவிஸில், ஊஸ்டர் நகரில் இருக்கிறது. பழைய அமெரிக்க பேஸ்போல் சட்டைகளைச் சேகரிக்கிற சுவிஸ்காரர்களுக்குப் பிரதி தைத்துத் தைத்து, அந்த அணிகளின் பூர்வீகமெல்லாம் எனக்கு அத்துப்படி.

அதே நாட்டில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இருக்கிற அத்தான், என் அக்காவின் கணவர், அங்குள்ள தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். ஒருமுறை நான் அவர்களுக்கு ஊதாச் சட்டை அடித்துக் கொடுக்க, எதிர்க் கழகமும் அதே நிறத்தில் போட்டிக்கு வந்து இறங்கிவிட்டது. நிறத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று முடிவு கட்டி, அக்காவையும் என்னோடு பேசவிடாமல் செய்துவிட்டார். இப்போது கழகத்து இளசுகள் பேஸ்போலுக்கு மாறியதும், அந்தச் சட்டை தைக்க வேறு ஆள் கிடைக்காமல் என் வாசலுக்கு வந்தார். எனக்குச் சட்டை பெரிதில்லை. இதை ஒழுங்காகச் செய்தால் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசைதான்.

காலுறைப் பெயர்

அத்தானும் கழகச் செயலாளரும் வந்து உட்கார்ந்து, புது அணிக்குப் புதுப் பெயர் வேண்டும் என்றார்கள். ஆதியில் சில தொழில்முறை அணிகள் தாங்கள் போட்ட காலுறையின் நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டன, அந்தப் பெயர்களில் சில இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன என்று எடுத்துவிட்டேன். சிவப்பு எடுப்பாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன்.

செயலாளர் பிரவீன் இங்கேயே பிறந்து வளர்ந்த பொறியியலாளர். அவர் ஆர்வமாகத் தலையாட்டினார். அத்தான் ஆட்டவில்லை. என் கடைத் தட்டுகளை ஒரு சுற்று நோட்டம் விட்டார்.

"சிவப்புச் சொக்ஸ் எத்தினை பெட்டி விக்காமல் கிடக்கு உன்னட்டை?"

எட்டாம் ஆள்

முதுகில் இலக்கம் போடத் தொடங்கிய காலத்தில், துடுப்பெடுத்து ஆடுகிற வரிசைப்படிதான் இலக்கம் கொடுத்தார்கள். அதையே செய்வோம் என்றேன். எட்டாவதாக ஆடுகிறவர் பிரவீன். தனக்குச் சாத்திரம், சனியன் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். ஆனாலும் எட்டு வேண்டாமாம், அது சனியின் எண் என்று அம்மா ஏசுவாவாம்.

சரி, பதினேழு போடட்டுமா என்று கேட்டேன். நல்ல இலக்கம், அச்சில் அழகாக விழும். பிரவீன் விரல்களை மடக்கி எண்ணினார்.

"ஒண்டும் ஏழும் எத்தினை அண்ணை? என்னோடை உங்களுக்கு என்ன கோவம்?"

வெளியூர்ச் சாம்பல்

சொந்த மைதானத்தில் வெள்ளை, வெளியூரில் சாம்பல் என்பது பேஸ்போலில் பழைய வழக்கம். சாம்பல் துணியைப் பார்த்ததும், வெயிலில் வெளிறிய துணியைத் தலையில் கட்டுகிறேன் என்று அத்தான் நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த, ஊர் ஊராகப் போனவர்களுக்குத் துணி தோய்க்க வசதி இருக்கவில்லை, அழுக்குத் தெரியாமலிருக்கத்தான் சாம்பல் என்று சொல்வார்கள் என விளக்கினேன்.

அத்தானின் முகம் கறுத்தது. அவர் இருக்கிற கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே தோய்க்கிற அறை, முறை வைத்துத்தான் தோய்க்கலாம். முறைநாள் விஷயமாக மேல்வீட்டுக்காரியோடு அவருக்குப் பெரிய சண்டையாம். சத்தியமாக எனக்கு அது தெரியாது. அவர் வாயால் வந்த பிறகுதான் தெரியும்.

"எங்கடை வீட்டுத் தோய்க்கிற கதை உனக்கு ஆர் சொன்னது? அக்கா களவா உனக்கு ரெலிபோன் எடுக்கிறவளோ?"

பார்சல் பிரித்த நாள்

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததால் அக்காவுக்கு அங்கே ஏச்சு விழப்போகிறதே என்று நொந்துபோனேன். அதற்குப் பிறகு சரித்திரம் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர்கள் சொன்னபடியே தைத்தேன்.

தைத்து முடித்த சட்டைகளை எடுக்க அத்தான் தனியாகத்தான் வந்தார். ஒவ்வொரு சட்டையாகப் பிரித்தார். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியை நனைத்து எழுத்தின் மேல் தேய்த்து, சாயம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது. ஜன்னலால் வெளியே பார்த்துவிட்டு, இதே மாதிரி வேறு யாராவது தைக்கக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு கதவடிக்குப் போனவர் திரும்பினார்.

"ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா. அக்கா சமைக்கட்டும், அவளுக்கு முன்னாலை வைச்சு உன்னை விசாரிக்கவேணும்."

நம்மை நம்புகிற வாடிக்கையாளர் இந்தத் தொழிலில் கிடையாது, சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பிடக் கூப்பிடுகிறவர் ஒருவர் கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.