சம்மணத்துக்கு எடுத்த அளவு

நகரத்துத் தொழில் வடிவமைப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளரானபோது, அதுவரை அந்தப் பொறுப்பில் இருந்தவர்களிலேயே இளையவன் நான்தான். கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் எடுக்க ஆரம்பித்தே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றிலும் அவசரம். ஸ்ரீரங்கத்தில் நடக்கவிருந்த ஆண்டுக் கூட்டத்தில் என் மாணவர்கள் செய்த மணையைக் காட்டி, மணப்பாறை முறுக்குக் கூடங்களுக்கெல்லாம் அதையே செய்து கொடுக்கப்போகிறோம் என்று அறிவிக்க வேண்டும். மேடையில் சொல்லப்போகும் வாக்கியம்கூடத் தயார்.

நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முறுக்கு பிழியும் பெண்களுக்கான தாழ்வான மணை அது. மணப்பாறையில் ஒரு கூடத்தில் இரண்டு நாள் இருந்து இடுப்பு, தொடை, முழங்கால் என்று டேப் வைத்து அளந்தோம். பிறகு ஒன்றைச் செய்து, அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, படம் எடுக்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மணைமேல் எண்ணெய் டின் இருந்தது. அந்த அக்கா வெறுந்தரையில், ஒரு காலை மடக்கி, மறு முழங்காலைத் தூக்கி, அதில் கையை ஊன்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

“மணை சரியில்லையாக்கா?”

“நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு மாசம் அதுலதான உக்காந்தேன். இந்த விளிம்பு தொடையில அழுத்தி கால் மரத்துப்போச்சு. இப்ப படி ஏறத்தான் கொஞ்சம் முடியல.”

“அளவெடுத்தப்ப நீங்க இப்படி உக்காரலையே?”

பக்கத்தில் பிழிந்துகொண்டிருந்தவர் சிரித்தார். “சேலைய இழுத்துவிட்டுக்கிட்டு, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல சம்மணம் போட்டு உக்காந்திருந்தா. படிச்ச புள்ளைங்க முன்னாடி முட்டியத் தூக்கிக்கிட்டா உக்கார முடியும்?”

இரண்டு நாளும் நாங்கள் மரியாதையைத்தான் அளந்திருக்கிறோம்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து சங்கத் தலைவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“அழைப்பிதழே போயாச்சு தம்பி. கூட்டத்துல காட்டிடுங்க, அப்புறமா திருத்திக்கலாம். பசங்களுக்கு வேலை கிடைக்கவும் உதவும்ல?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பஸ் நகரத்துக்குள் நுழையும் கருமண்டபம் வரும் வரை அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆனால் படி ஏற முடியவில்லை என்று அந்த அக்கா சொன்ன விதம் விடவில்லை. ஏதோ தன் கால்தான் தப்பு செய்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

கூட்டத்தில் எண்ணெய் டின் உட்கார்ந்திருந்த மணையின் படத்தைத்தான் திரையில் போட்டேன். அளவு தப்பு, பொறுப்பு என்னுடையது, இந்த மணையை யாருக்கும் செய்து கொடுக்கப்போவதில்லை என்றேன். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த என் மாணவர்கள் தலை நிமிரவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை தனியாக மணப்பாறை போனேன். என்னைக் கண்டதும் அந்த அக்கா, தூக்கியிருந்த முழங்காலைக் கீழே இறக்கினார். டேப்பை எடுக்காமல், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறிய முறுக்கை அடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது ஈடு எண்ணெயில் விழும்போதுதான் அந்த முழங்கால் தானாக மேலே ஏறியது.