சிவப்பு நூல் கட்டிய காய்கள்

சங்கராபுரத்தில் பேருந்து நின்றதும் அந்த வாசனை ஏறியது. பக்கத்து இருக்கைக்காரர் மடியில் வைத்திருந்த மஞ்சள் பைக்குள் சீத்தாப்பழம். இன்னும் சொல்லாத ஒன்றோடு அப்பாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த நான், பிடிபட்ட திருடியைப் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் தங்கை ஆராய்ச்சிக்காரி. பழம் பழுக்கும்போது அதற்குள் எந்தப் புரதம் எந்த நாளில் உருவாகிறது என்று பார்ப்பது அவள் வேலை. போன புரட்டாசியில், வெண்புகை விடும் ஒரு குளிர்க்குடுவையோடு ஊருக்கு வந்தாள். கல்வராயன்மலை அடிவாரத்தில் எங்கள் மேட்டு நிலத்துச் சீத்தா மரங்களில், பிஞ்சு பிடித்த அன்றைக்கே அப்பா சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். ஒரே வயதுக் காய்கள் வேண்டும் என்று அவள் போனில் சொன்னதற்காக. நாலு மாதம், முட்டிவலியோடு, தினமும் மேடேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நானும்தான் பழங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் கவிதைப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: “அட்ட நல்லா கீது பாப்பா.”

அவளிடமோ கேள்வி மேல் கேள்வி. நூல் கட்டிய பதினாலு காய்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டு அவள் விளக்கினாள். காயிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதை மோப்பம் பிடிக்கும் புரதங்கள் காய்க்குள்ளேயே உண்டு. வாயு படாதவரை, ‘இப்ப வேணாம்’ என்று பழுப்பதைத் தடுத்து நிறுத்துவதும் அவைதான். பட்டுவிட்டால் விலகிக்கொள்ளும். பிறகு வேறு புரதங்கள் இறங்கும். சில மாவைச் சர்க்கரையாக்கும், சில சதையை இளக்கும். தினம் இரண்டு காயை அறுத்து உறையவைத்தால் எது எப்போது வந்தது என்று தெரிந்துவிடும்.

“அப்ப உள்ள ஒரு வாட்ச்மேன் குந்திக்கினு கீறான்னு சொல்லு,” என்றார் அப்பா.

“அக்கா கவிதையில பழம் தானா பழுத்துடும்ப்பா. இங்க ஒண்ணொண்ணுக்கும் ஒரு ஆளு வேல செய்யணும்.”

அப்பா சிரித்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் போய்க் காந்திக்கொண்டே இருந்தது. எனக்குள்ளும் வாட்ச்மேன் இருந்திருப்பான், எழுந்து போய்விட்டான்.

மறுநாள் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. தோல் கறுத்த பூவன் பழம் இரண்டை எடுத்துப் பெட்டியின் அடியில் செருகி மூடினேன். கனிந்ததைப் பக்கத்தில் வைத்தால் காய் முந்திக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அடுத்த நாள் காலை எடுத்து நானே தின்றேன். தோலை மாட்டுக்குப் போட்டேன்.

நாலாம் நாள் கூடமெல்லாம் வாசனை. மிச்சமிருந்த எட்டும் ஒன்றாகக் கண் திறந்து, தொட்டால் குழைந்தன. தங்கை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டுவார், ‘இன்னாத்த படிச்ச நீ’ என்பார் என்று காத்திருந்தேன்.

“நான்தாம்மா நூல நாள் மாத்திக் கட்டிட்டேன் போல,” என்றார் அப்பா. “கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

“இல்லப்பா, நீ சரியாத்தான் கட்டின.”

அவர் நம்பவில்லை. அவிழ்த்துப்போட்ட நூல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, எண்ணுவதுபோல் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். பழத்தைத் தொடவே இல்லை. நான் ஒரு பழத்தைப் பிட்டேன். அவ்வளவு இனிப்பு. விதைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுவரை அவளை வழியனுப்பப் போனேன். பேருந்து கிளம்பும் நேரத்தில்தான் வாய் வந்தது.

“நான்தான்டி வாழப்பழம் வெச்சேன்.”

“தெரியும். பொட்டிக்கு அடியில காம்பு கெடந்துச்சி.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

அவள் படியில் ஏறி நின்று குடுவையை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தாள்.

“நூலு மேல தப்பில்லன்னு நான் சொன்னா, மனசு நோவக்கூடாதுன்னு சொல்றேன்னு நெனைக்கிறாரு. நீ சொன்னாத்தான்க்கா நம்புவாரு. வூட்டுக்குப் போயி சொல்லு.”