பச்சைப் பெயிண்டும் கேஸ் லைட்டரும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். மில்லில் எனக்குத் தெரியாத சங்கதியே இல்லை என்ற மிதப்பில் திரிந்த வயது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து, நூல் சுற்றும் மெஷின் ஒன்றில், அதை இயக்கும் எலக்ட்ரானிக் கார்டு என்கிற சர்க்யூட் பலகை செத்துச் செத்துப் போனது. மூன்று கார்டு மாற்றியாயிற்று. மூன்று தடவையும் காலை ஷிப்டில், சேத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் மெஷினை ஓட்டும்போதுதான் போனது. "அவ கை ராசி அப்படி" என்று யாரோ கொளுத்திப்போட, மில் முழுக்க அதே பேச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"செத்த நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. அவ கோளாறுதான்னா நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லிருவோம்."

போய்ப் பார்த்தால், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்விட்சைத் தொடுகிறாள்.

"எனக்கே பயமா இருக்குண்ணே. வீட்ல ரேடியோவக்கூடத் தொடாதன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாக."

எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் அடுப்படியிலிருந்து கேஸ் லைட்டரை எடுத்துப்போனேன். மனைவி போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். லைட்டரைத் தட்டினால் பொறியோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னதிர்வும் கிளம்பும். ரேடியோ பக்கத்தில் தட்டினால் கரகரக்குமே, அதுதான். பாதுகாப்பில்லாத கார்டை அது கலைத்துவிடும். மற்ற மெஷின்களின் அருகே தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அவள் மெஷினருகே ஒரே தட்டு. விளக்குகள் கண்டபடி மினுக்கி மெஷின் நின்றது. லைட்டருக்கே இந்தக் கதியென்றால், தினமும் காலையில் பக்கத்துப் பெரிய மோட்டாரைப் போடும்போது கார்டு என்ன பாடுபட்டிருக்கும்!

அந்த அதிர்வைத் தரைக்கு இறக்கிவிட வேண்டியது எர்த் கம்பி. அதன் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். பெயிண்டில் மின்சாரம் பாயாது; அதன் மேல் முறுக்கிய கம்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பூஜை போட இந்த ஒரு மெஷினாவது ஜொலிக்க வேண்டுமென்று, கம்பியைக் கழற்றி ஓரிடம் விடாமல் பூசி, திரும்ப மாட்டியவன் நான்.

பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கைக்கு வந்த கெட்ட பேர் அப்படியே நின்றிருக்கும். அவளையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், "தப்பு என்னுது சார்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் கைத்துணியை அவிழ்த்தாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அண்ணே, இன்னைக்கு வீட்டுக்குப் போயி ரேடியோ போடலாமாண்ணே?"

"போடும்மா. நல்லாச் சத்தமா வச்சுப் போடு" என்றேன்.