பங்கு பேச தலவாக்கலைக்குப் போனோம்

அன்றைக்கு இருந்தவர்கள்: பேச்சியம்மாவாகிய நான். என் வீட்டுக்காரரின் தங்கச்சி புஷ்பம், பச்சைச் சேலையில். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கிற மரியாயி, புதுச் செருப்பு கடிக்கிறதென்று முனகிக்கொண்டு. ஆட்டோக்காரர் சிவா. வழிகாட்டிப் பிள்ளை நிரோஷா. பணம் போடுவதாகச் சொன்ன பாஸ்கரன் தம்பி. இன்னும் ஆறு வெள்ளைக்காரர்கள். அவர்கள் பெயர் என் வாயில் நுழையவில்லை, முகம் ஆறும் ஞாபகம் இருக்கிறது.

ஏன் போனோம் என்றால், ராகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய பிள்ளைக் காம்பரா மூடிக் கிடந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். அதையும் ஒட்டினாற்போல அரை ஏக்கர் தேயிலையையும் எங்கள் மகளிர் சங்கம் குத்தகைக்கு எடுத்தது. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கி, கொழுந்து பறித்துப் பார்க்கிற இடமாக அதை ஆக்க ஆசை. ஆனால் கூரைக்கும் கக்கூசுக்கும் காசில்லை. கட்டாரில் உழைத்துவிட்டு வந்து தலவாக்கலைப் பக்கம் இப்படி ஓர் இடம் நடத்துகிறவர்தான் பாஸ்கரன். "முதல்ல என் இடத்த வந்து பாருங்க. சரிவந்தா பணம் போடுறேன், பங்கு பேசிக்குவோம்" என்றார். பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

ராகலையில் 5.45க்கு பஸ். ஏழு மணிக்கு நுவரெலியா. அங்கே ஹட்டன் பஸ்ஸுக்கு மாறி, நானுஓயா வழியாக தலவாக்கலையில் இறங்கும்போது எட்டே முக்கால். பஸ்ஸுக்கு ஆளுக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் ஆனது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். சிவா ஆயிரம் கேட்டார், எழுநூறுக்கு வந்தார்.

"கோயிலுக்காம்மா?"

"டூருங்க" என்றாள் மரியாயி. "ராகலத் தோட்டத்துலருந்து வர்றோம்."

"தோட்டத்துலருந்து தோட்டம் பாக்க டூரா! ஆத்தாடி!"

"ரோட்ட பாத்து சிரிங்க தம்பி."

பாஸ்கரன் பதினொரு மணிக்குத்தான் வருவார். நாங்கள் யாரென்று அங்கே வழிகாட்டுகிற நிரோஷாவுக்குத் தெரியாது. கூடையை மாட்டிவிட்டு, "ரெண்டு இலை, ஒரு மொட்டு. இப்படிக் கிள்ளணும்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். புஷ்பம் முகத்தை அசைக்காமல், "இன்னொருக்கா காட்டுங்க புள்ள" என்றாள். நாற்பது வருஷம் பறித்தவள்! மரியாயி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

"உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிரோஷா போனாள். தப்பு அங்கேதான். தேயிலையில் கை வைத்தால் எங்களுக்குக் கை நிற்காது. ஆளுக்கொரு நிரை பிடித்தோம். மரியாயி மருமகள் கதையை எடுத்தாள். கதை முடியவில்லை, அவள் நிமிர்ந்து பார்த்து, "பேச்சி, மல முடிஞ்சிருச்சுடி" என்றாள்.

வாரம் பூராவும் வருகிறவர்கள் பறிக்கவென்று விட்டிருந்த துண்டாம் அது. கீழே ஆறு வெள்ளைக்காரர்கள், ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு கட்டி, கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் கூலி வாங்கிப் பறித்ததை இவர்கள் காசு கொடுத்துப் பறிக்கிறார்கள். அதற்கும் இலை மிச்சமில்லை.

நிரோஷாவுக்கு அழுகை முட்டியது. பாஸ்கரன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். எங்கள் கூரை போச்சு என்றுதான் நினைத்தேன். சும்மா நின்றால் ஆகாதென்று சாக்கை விரித்தேன், மூன்று கூடையையும் கொட்டினேன், ஆறு பேரையும் சுற்றி உட்காரவைத்தேன். முற்றின இலையைப் பொறுக்கச் சொல்லி நிரோஷாவை மொழிபெயர்க்கவிட்டேன். ஒரு நெட்டைக்காரன் நல்ல கொழுந்தை எடுத்து வீசினான். கையில் பட்டென்று ஒன்று வைத்தேன். மலை அதிரச் சிரித்தார்கள். அரை மணி நேரத்துக்கென்று வந்தவர்கள் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எழும்பவில்லை.

அவர்கள் போனதும் பாஸ்கரன் தேத்தண்ணியோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க இடத்துக்குப் பணம் போடுறேம்மா. உங்க பங்க சொல்லுங்க."

ஒரு மாதமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். நூற்றுக்கு எழுபது கேட்டு அறுபதில் நிற்கவேண்டும். வாயைத் திறக்குமுன் புஷ்பம் சொல்லிவிட்டாள்: "நீங்களா பாத்து குடுங்க தம்பி."

எங்கள் பாட்டன் தோட்டத்தை நடத்தின தொரையிடம் சொன்ன வார்த்தை அது. சம்பளத்துக்கும் சொன்னோம், லயத்துக் கூரைத் தகரத்துக்கும் சொன்னோம். பார்த்தார்கள், கொடுக்கவில்லை.

பாஸ்கரன் முகம் மலர்ந்தது. "அப்ப நாப்பது உங்களுக்கு."

"எடம் எங்க கையில, தேயில எங்க கையில. அந்தக் கை என்னா செய்யும்னு காலையில பாத்தீங்கல்ல?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"பாத்தேம்மா. மலையவே காணோம்!"

சிரித்துக்கொண்டே இழுத்தோம். சரிபாதிக்கு வந்தார், அதற்கு மேல் அசையவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டோம். திரும்புகிற பஸ்ஸில் மரியாயி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நுவரெலியா வரைக்கும் பாடினாள். கொண்டக்டரும் கூடப் பாடினார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. மழையில் போனால் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். கக்கூசுக்கு தலவாக்கலையிலேயே போய்விடுங்கள். பங்கு பேசப் போகிறீர்களென்றால், யார் பேசுவது, எதில் தொடங்குவது என்று பஸ் ஏறுமுன் முடிவெடுங்கள். மற்றவர்கள் வாயில் ரொட்டியை வைத்துக்கொள்ளட்டும்.

கூரைத் தகரம் வந்து இறங்கிவிட்டது. கக்கூசுக்குக் குழி வெட்டுகிறார்கள். பாஸ்கரனை நான் குறை சொல்லமாட்டேன், பணம் போடுகிறவன் குறைத்துத்தான் பேசுவான். ஆனால் நூற்றுக்குப் பத்து எங்கள் கையைவிட்டுப் போனது போனதுதான். தினம் என்னோடுதான் சிமெந்து சுமக்கிறாள், என் கையால்தான் தேத்தண்ணி குடிக்கிறாள். இருந்தாலும் மன்னிக்கமாட்டேன், புஷ்பத்தை.