நைனா கொத்த வைத்த கல்

திருப்பதி காலேஜில் உலக சரித்திரம் படிக்கும்போது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எகிப்தில் கல்லறைச் சுவர் எழுத்து, பாபிலோனில் களிமண் பலகை எழுத்து என்று வாத்தியார் படம் படமாகக் காட்டுவார். "புத்தகம் எழுதினவன் தான் கேட்டதைச் சொல்றான். இதுங்க அந்தக் காலத்துலயே இருந்து பார்த்ததுங்க. மூல ஆதாரம். முதல்ல இதுங்க கிட்டப் போய்க் கேளுங்க" என்பார். எங்கள் கொல்லையில் ஒரு கல் எத்தனையோ காலமாக நின்றுகொண்டிருக்கிறதே, அதனிடம் யார் கேட்டார்கள் என்று எனக்குள் பொருமுவேன். ஒருநாள் வகுப்பிலேயே எழுந்து கேட்டும்விட்டேன்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில். கிணற்றுப் பக்கம் மார்பளவு உயரத்தில் அந்தக் கல் நின்றது. வில் பிடித்த ஓர் ஆள், காலடியில் மாடுகள், தலைக்கு மேலே மழுங்கிப்போன சில வரி எழுத்து. மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த எங்கள் முப்பாட்டன் அது என்று வீட்டில் பேச்சு. அவர் பேர் என்ன என்று யாருக்கும் தெரியாது. அப்பாவை நைனா என்போம்; மாட்டுப் பொங்கலன்று அவர்தான் அதற்கு எண்ணெய் வைப்பார். துணியால் தேய்க்க மாட்டார். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விரலை விட்டு, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் மெதுவாகத் தேய்ப்பார். கையெழுத்துப் போடவும் தெரியாத மனுஷன்.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்து, சித்தூர் ஜில்லா மொத்தமும் அதோடு போயிருந்தது. எல்லையைத் திருப்பி வகுக்கச் சொல்லி ஊருக்கு ஊர் கூட்டம். பழைய தமிழ் எழுத்து எங்கே இருந்தாலும் அது சாட்சி என்று யாரோ ஒருத்தர் மேடையில் பேசிவிட்டுப் போனார். நைனாவுக்கு அது மண்டையில் ஏறிவிட்டது.

"நம்ம கல்லு பேசும்மா. அத்தப் படிக்கிற ஆளு ஒருத்தர் வந்தாப் போதும். நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் வந்துடும்."

நான் வகுப்பில் எழுந்து கேட்ட அந்த வாத்தியார் தெலுங்குக்காரர். பழைய தமிழ்க் கல்வெட்டை அவரைப்போல் படிக்கிறவரை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் வருகிறேன், எழுத்தைக் காகிதத்தில் எடுத்துவிடலாம் என்றார். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். நைனாவிடம் சொன்னேன். அவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

புத்தூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் போனோம். நைனா சலவை வேட்டி கட்டிக்கொண்டு கொல்லை வரப்பிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்களைக் கல்லிடம் கூட்டிப்போனார். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. கல்லின் அடியில் புதுக் கல்தூள் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது.

எங்கள் பக்கம் அம்மி தேய்ந்துபோனால் கொத்துகிறவரைக் கூப்பிடுவோம். விருந்தாளி வந்தால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். நைனா இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தார். "அவ்ளோ தூரத்திலேருந்து வந்துகினு இருக்காரு. கண்ணுக்குத் தெரியாம கெடந்தா மரியாதையா? அதான் அம்மி கொத்துறவரக் கூப்ட்டு எழுத்த ஆழமா எடுக்கச் சொன்னேன்" என்றார். கொத்தினவருக்கும் படிக்கத் தெரியாது. எழுத்து எது, வெடிப்பு எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சீராக, அழகாகக் கொத்தி வைத்திருந்தார்.

வாத்தியார் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

"இன்னா எழுதியிருக்குது சாரு? பேரு இருக்குதா?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, இப்ப இதுல இருக்கிறது கொத்தினவர் கை. எழுதினவர் கை இல்ல. இதுல நான் எதைப் படிச்சுச் சொன்னாலும் அது பொய்யாப் போயிடும். எல்லை பிரிக்கிற ஆபீசருங்களும் இது நேத்து எழுதினதுன்னுதான் சொல்வாங்க."

நைனா, "சாப்பாடு துன்னுட்டுத்தான் போகணும் சாரு" என்றார். இலையில் அவரே பரிமாறினார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தெலுங்குக்காரர் வேண்டுமென்றே கைவிரித்துவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். நைனா ஒருத்தரையும் விடவில்லை. "அவர் கண்ணு கலங்குனத நான் பாத்தேன். வாய மூடு" என்று சண்டைக்கே போனார்.

கடைசியில் எல்லை வகுத்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திரா பக்கமே நின்றுவிட்டோம். "ஊர நான்தான் தோக்கடிச்சேன்" என்று நைனா சொல்ல ஆரம்பித்தார். நான் படித்த படிப்பையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். எந்த ஊரில் எந்தப் பாஷைக்காரர் அதிகம் என்று பார்த்துத்தான் பிரித்தார்கள், கல்லைக் கேட்டுப் பிரிக்கவில்லை என்றேன்.

"கல்லு பேசியிருந்தா?"

"பேசியிருந்தாலும் இதுதான் நைனா நடந்திருக்கும்."

"உனக்கு எப்டித் தெரியும்? அத்த யாரும் படிக்கலையே."

படிக்காத ஆதாரத்தைப் பற்றி ஊகித்துப் பேசாதே என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அவர் மாட்டுப் பொங்கலுக்கு எண்ணெய் வைத்தார். புது எழுத்தின்மேல், அதே விரலால், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் படுக்கையில் விழுந்து எழ முடியாமல் கிடந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொத்துவதற்கு முன்னால் அந்தப் பள்ளங்களில் வருஷா வருஷம் போய்வந்த விரல் இது. எந்தக் காகிதத்திலும் ஏறாத பிரதி இதில் இருக்கும். ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொண்டு, அவர் விரலை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"நைனா, பழைய எழுத்து. கல்லுல தேய்ப்பியே, அதே மாதிரி போடு."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விரலை ஓட்டினார். பாதியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அதே இடத்தில் நின்றார்.

"வரலைம்மா" என்றார். "அந்த ஆளு கொத்துனதுதான் வருது."