யூலாலியாவின் இடது கால்

இதில் ஒரு சொல்லும் கட்டிச் சொன்னது இல்லை. நர்ஸ் ரோசில்டா இருபது வருடமாகப் புண்ணும் சீழும் பார்த்தவள். இல்லாததைச் சொல்கிறவள் அல்ல. இதைச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் அவள் குரல் உடைந்துவிடும்.

அமேசான் பக்கம், ஆற்றோர ஊரான அபயேத்தெதுபாவில் அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையம். அங்கே வந்தவர் யூலாலியா, வயது அறுபத்தொன்று. சர்க்கரை நோய். இடது பாதத்தில் ஐந்து சென்டிமீட்டர் புண். காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காலை மட்டும் காப்பாத்திக் குடு, மகளே."

ரோசில்டா புண்ணை ஆற்றும் லேசர் வைத்தாள். பேனா போன்ற கருவி, சிவப்பு ஒளி. சூடும் இல்லை, வலியும் இல்லை. இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். புண்ணின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்து எடுப்பாள். செவ்வாயும் வெள்ளியும், சரியாக 3.20க்கு.

மூன்றாவது வாரமே புண் இரண்டு சென்டிமீட்டர். ரோசில்டா மறுபடி அளந்தாள். அதே இரண்டு. இவ்வளவு சீக்கிரம் எந்தப் புண்ணும் ஆறாது...

ஆனால் கட்டுத் துணி ஈரம். ஆற்றுச் சேற்று வாடை. முடிச்சு, வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு.

"நனைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்கடி நனைச்சேன்? ஜோசிவான்தான் கழுவிக் கட்டுறான். என் பையன்."

பையனை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அடுத்த செவ்வாய் கருவியை எடுத்துக்கொண்டு அவளே யூலாலியாவின் வீட்டுக்குப் போனாள். மணி 4.10. சுள்ளென்று வெயில். வீட்டு வாசல் பலகையில் ஓர் இளைஞன் நின்றான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான்.

சொட்... சொட்...

"ஏம்ப்பா, அம்மா கால்ல போட்ட கட்டை ஏன் நனைக்கிற?"

"அம்மா நடக்க எத்தனை நாள் ஆகும்?"

உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ஒரு வாரம்."

அவன் சிரித்தான்.

"யாரு, ரோசில்டாவா?" உள்ளிருந்து குரல். திரும்பிப் பார்த்தாள். மீண்டும் இந்தப் பக்கம் பார்த்தாள்...

யாரும் இல்லை.

பலகை காய்ந்திருந்தது.

உள்ளே யூலாலியா இரண்டு கிண்ணங்களில் அசாயிப் பழக் கூழ் ஊற்றி வைத்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா அவனை? இளைச்சுட்டான், இல்ல?"

ரோசில்டா கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். லேசரை வைத்தாள்.

அடுத்த செவ்வாய் புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்புத் தோல். யூலாலியா அவள் கையில் முத்தமிட்டு அழுதார். "நல்லா இரு மகளே."

வெள்ளிக்கிழமை 3.20. வரவில்லை.

3.40.

4.00...

ரோசில்டா ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு மரினால்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து விடிகாலை ஆத்துல இறங்கிட்டாங்க. இன்னும் தேடுறாங்க."

"பையன் எங்க போனான்?"

"எந்தப் பையன்? ஒரே பிள்ளை. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் படகு கவிழ்ந்து போயிட்டான். உடம்புகூடக் கிடைக்கல."

ரோசில்டா வாசல் பலகையைப் பார்த்தாள். தான் ஆற்றிக் கொடுத்த கால்...

மரினால்வா குரலைத் தாழ்த்தினாள்.

"தண்ணி வடிஞ்சிருந்த நேரம். சேத்துல காலடி பதிஞ்சிருந்துச்சு, நானே பாத்தேன். ஆத்துக்குள்ள போனது ரெண்டு பேர் காலடி."

ரோசில்டா அவள் பக்கம் திரும்பினாள்.

"அதுல ஒருத்தர் காலடி, முதல்ல ஆத்துக்குள்ளேருந்து வீடு வரைக்கும் வந்திருக்கு."